என். எஸ். கிருஷ்ணன்

நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணன் (நவம்பர் 29, 1908 - ஆகஸ்ட் 30, 1957) தமிழ் நாடக, திரைப்பட நகைச்சுவை நடிகர், பாடகர், இயக்குநர், தயாரிப்பாளர் ஆவார். என். எஸ். கே. என்றும், கலைவாணர் என்றும் பரவலாக அறியப்படுகிறார். சிறுவர் நாடகக் குழுவில் நடிப்பைத் தொடங்கிய இவர், தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே திரைக்கு வந்து, தம் மனைவியும் நடிகையுமான டி. ஏ. மதுரத்துடன் இணைந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் சிறையிலிருந்த பின் விடுவிக்கப்பட்டார். நாடக மேடையில் கதைக்கு இடையே வந்துபோகும் பபூனின் இடத்தை, சமூகக் கருத்துகளைச் சிரிப்போடு சொல்லும் இடமாக மாற்றியமை இவரது முதன்மையான பங்களிப்பாகக் கருதப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ணன் அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். தந்தை சுடலைமுத்துப் பிள்ளை, தாய் இசக்கியம்மாள். குடும்பத்தின் வறுமை காரணமாக இவரது கல்வி தொடக்கப் பள்ளியோடு நின்றது. சிறுவயதில் நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டங்களும் விற்றார் என்றும், அவ்வாறு விற்கச் சென்ற இடத்திலேயே நாடகத்தின் மீது பற்றுக் கொண்டார் என்றும் கூறப்படுகிறது.

தென்திருவிதாங்கூரிலும் திருநெல்வேலிச் சீமையிலும் சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு பாடப்படுவது வழக்கம். பெற்றோர் இருவரின் பெயர்களும் இத்தெய்வங்களின் பெயர்களே. இளமையில் கேட்டுப் பழகிய இக்கலையைக் கிருஷ்ணன் வாழ்நாள் முழுதும் கைவிடவில்லை. பாட்டும் பேச்சும் மாறிமாறி வருதல், தலைமைப் பாடகர் சொல்வதற்குப் பக்கப்பாட்டுக்காரர் மறுமொழி கூறுதல், பழங்கதையின் நடுவே அன்றாடச் செய்தியை நுழைத்தல் ஆகிய வில்லுப்பாட்டின் கூறுகள் பிற்காலத்தில் இவரது திரைப்பட நகைச்சுவையிலும் காணப்பட்டன.

நாடக வாழ்க்கை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுவர்களை மட்டும் கொண்டு நடத்தப்பட்ட நாடகக் குழுக்கள் தமிழகத்தில் பெருகியிருந்தன. இவை பாய்ஸ் கம்பெனி என்று அழைக்கப்பட்டன. டி. கே. எஸ். சகோதரர்கள் எனப்பட்ட டி. கே. சங்கரன், டி. கே. முத்துசாமி, டி. கே. சண்முகம், டி. கே. பகவதி ஆகியோர் 1925இல் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். கிருஷ்ணன் அக்குழுவில் சேர்ந்தார்.

அக்குழுவில் சிறுவர்கள் ஊர் ஊராகச் சென்று தங்கி, பாடம் கேட்டு, பாடவும் ஆடவும் பல வேடங்களை ஏற்கவும் பழகினர். ஒரு நடிகருக்கு உடல்நலம் குன்றினால் அவ்வேடத்தை உடனே மற்றொருவர் ஏற்க வேண்டும். எந்த வேடத்தையும் ஏற்கக்கூடிய திறன் கிருஷ்ணனுக்கு இங்கேயே வாய்த்தது. எனினும் நகைச்சுவை வேடங்களே இவருக்கு நிலைத்தன.

அக்கால மேடையில் நகைச்சுவை நடிகரின் இடம் தனித்தன்மை வாய்ந்தது. கோவலன், வள்ளி திருமணம் போன்ற நாடகங்களில் காட்சிகளுக்கு இடையே பபூன் தோன்றி, ஆர்மோனியக்காரரோடு வாதாடி, அவையோருடன் நேரடியாகப் பேசிச் செல்வார். அவரது பேச்சுக்கும் நாடகக் கதைக்கும் பெரும்பாலும் தொடர்பு இராது. இதனால் நாடக ஆசிரியரின் கட்டுப்பாடு இல்லாமல் தாமே பேசும் உரிமை அவருக்கு இருந்தது. பலர் இவ்வுரிமையை இரட்டைப் பொருள் பேச்சுக்கே பயன்படுத்தினர். கிருஷ்ணன் அதே உரிமையை வேறு வகையில் பயன்படுத்தினார். டி. கே. எஸ். குழுவின் 'தேசபக்தி' நாடகத்தில் காந்தியடிகளின் வரலாற்றை வில்லுப்பாட்டாக நடத்தியது இதற்குச் சான்றாகும். ஆங்கிலேயர் ஆட்சியில் இத்தகைய நிகழ்ச்சியை மேடையேற்றுவது துணிவான செயலாக இருந்தது.

திரைப்படத்தில் நுழைவு

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி'க்கே கிருஷ்ணன் முதலில் ஒப்பந்தமானார். எஸ். எஸ். வாசனின் கதையைக் கொண்ட இப்படத்தில் எம். கே. ராதா கதைத்தலைவனாக நடித்தார். எம். ஜி. இராமச்சந்திரன், டி. எஸ். பாலையா ஆகியோருக்கும் இதுவே முதற்படமாகும். ஆயினும், டி. கே. எஸ். குழுவினரின் நாடகத்தைத் தழுவி ராஜா சாண்டோ இயக்கிய 'மேனகா' 1935இல் முன்னதாக வெளிவந்தது. 'சதிலீலாவதி' 1936இல் வெளியானது. இப்படத்தில் தமக்குரிய நகைச்சுவைப் பகுதியைக் கிருஷ்ணனே எழுதிக்கொண்டார் எனக் கூறப்படுகிறது.

1936இல் 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே சென்றபோது நடிகை டி. ஏ. மதுரத்தைச் சந்தித்தார். இருவரும் அங்கேயே திருமணம் செய்துகொண்டனர். இதற்கு முன்னரே இவருக்கு நாகம்மையுடன் திருமணம் ஆகியிருந்தது. கிருஷ்ணன்-மதுரம் இணை அடுத்த இருபது ஆண்டுகள் தமிழ்த் திரையில் நிலைபெற்றது.

தனி நகைச்சுவைப் பகுதி

1930களில் தமிழ்த் திரைப்படங்கள் பெரும்பாலும் புராணக் கதைகளையும் நாடகங்களையும் தழுவியவை. முழுநீளப் படத்துடன் தொடர்பில்லாத குறு நகைச்சுவைப் படங்களை இணைத்துத் திரையிடும் வழக்கமும் இருந்தது. கிருஷ்ணன் அசோகா பிலிம்ஸ் என்னும் அமைப்பின் மூலம் இத்தகைய குறும்படங்களை உருவாக்கினார். பின்னர் நகைச்சுவைப் பகுதியைத் தமது குழுவினரைக் கொண்டு தனியாகவே அமைத்துப் படமாக்கி, முதன்மைக் கதையோடு இணைக்கும் முறையை வளர்த்தார். நாடகத்தின் பபூன் காட்சி இவ்வாறு திரைப்படத்துக்குள் இடம்பெற்றது. மேடையில் பபூனுக்கு இருந்த அதே உரிமை, திரையில் கிருஷ்ணனுக்குக் கிடைத்தது.

டி. எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி, சி. எஸ். பாண்டியன், கொட்டாப்புளி ஜெயராமன், காகா ராதாகிருஷ்ணன் முதலியோர் பல்வேறு காலங்களில் இவருடன் நடித்தனர். பாடல்களை உடுமலை நாராயணகவி பெரும்பாலும் எழுதினார். கிருஷ்ணன் தமது பாடல்களைத் தாமே பாடினார். சகுந்தலை (1940) படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமியும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் முதன்மை வேடங்களில் நடிக்க, கிருஷ்ணனும் துரைராஜும் மீனவர்களாகத் தோன்றிய சண்டைக்காட்சி பெரும் வரவேற்பைப் பெற்றது.

எம். கே. தியாகராஜ பாகவதருடன் அம்பிகாபதி (1937), திருநீலகண்டர் (1939), அசோக்குமார் (1941) ஆகியவற்றிலும், பி. யு. சின்னப்பாவுடன் உத்தம புத்திரன் (1940), ஆர்யமாலா (1941), கண்ணகி (1942), ஜகதலப்பிரதாபன் (1944) ஆகியவற்றிலும் நடித்தார். அக்காலத்தின் இருபெரும் நட்சத்திரங்களாகவும் போட்டியாளர்களாகவும் விளங்கிய இருவரின் படங்களிலும் கிருஷ்ணன்-மதுரம் இணைக்கு இடமிருந்தது. 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் 110 வாரங்கள் ஓடியது.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கு

'சினிமா தூது', 'இந்து நேசன்' ஆகிய இதழ்களின் ஆசிரியரான சி. என். லட்சுமிகாந்தன் திரைப்படத் துறையினரின் சொந்த வாழ்வைப் பற்றி எழுதிவந்தார். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் அவர் ரிக்ஷாவில் செல்லும்போது கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். இவ்வழக்கில் சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு அவ்வாண்டு டிசம்பரில் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடுவும் குற்றஞ்சாட்டப்பட்டார். ஆனால் விடுதலை செய்யப்பட்டார்.

சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரிகள் முன் நடந்த விசாரணையின் முடிவில், 1945 மே மாதம் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்யப்பட்ட மேல்முறையீடும் அவ்வாண்டே தள்ளுபடியானது. 'ஹரிதாஸ்' பிராட்வேயில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்த மாதங்களில் அதன் கதைத்தலைவரும் நகைச்சுவை நடிகரும் சிறையில் இருந்தனர்.

லண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலில் செய்யப்பட்ட முறையீட்டின் பயனாக வழக்கு மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆய்வுக்கு வந்தது. கிருஷ்ணனுக்காக வி. எல். எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை செய்யப்பட்டனர். கொலையின் உண்மையான பின்னணி பின்னரும் தெளிவாகவில்லை.

சிறைக்காலத்தில் நாடகக் குழு

கிருஷ்ணன் சிறையிலிருந்தபோது குடும்பத்தின் வருவாய் நின்றது. வழக்குச் செலவும் பெருகியது. நிலைமையைச் சமாளிக்க மதுரம் என். எஸ். கே. நாடக சபையைத் தொடங்கினார். நடிகர் எஸ். வி. சகஸ்ரநாமம் அதனை நடத்துவதில் முதன்மைப் பங்கு வகித்தார். அக்குழு அரங்கேற்றிய 'பைத்தியக்காரன்' வெற்றி பெற்று, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 1947இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. விடுதலையான கிருஷ்ணனும் அதில் தோன்றினார். டி. கே. எஸ். குழுவிலிருந்து வந்த மற்றொரு நடிகரான கே. ஆர். ராமசாமி, இவர் பெயரால் கிருஷ்ணன் நாடக சபையை அமைத்து, சி. என். அண்ணாதுரையின் 'ஓர் இரவு', 'வேலைக்காரி' ஆகிய நாடகங்களை மேடையேற்றினார். திரையில் இவர் இல்லாத ஆண்டுகளிலும் இவரது பெயர் நாடக மேடையில் தொடர்ந்து ஒலித்தது.

விடுதலைக்குப் பின்

வழக்கிலிருந்து மீண்ட இருவரின் திரைவாழ்வும் வெவ்வேறு திசைகளில் சென்றது. பாகவதர் மீண்டும் நடித்த படங்கள் முந்தைய வெற்றியைப் பெறவில்லை. கிருஷ்ணனோ விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பாகவதரின் புகழ், பாடல்கள் நிறைந்த பக்திக் கதைகளையும் புராணக் கதைகளையும் பெரிதும் சார்ந்திருந்தது. விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் வசனத்துக்கு முதன்மை தரும் சமூகப் படங்கள் செல்வாக்குப் பெற்றன. கிருஷ்ணன் பத்தாண்டுகளாகச் சிறு பகுதிகளில் செய்துவந்ததே இப்போது படத்தின் மையத்துக்கு வந்தது எனலாம்.

எஸ். எஸ். வாசனின் 'சந்திரலேகா' தயாரிப்பில் இருந்தபோது கிருஷ்ணன் விடுதலையானார். அதன்பின் அவருக்கும் மதுரத்துக்கும் இடமளிக்கும் வகையில் கதை மாற்றப்பட்டு, இருவரும் சர்க்கஸ் கலைஞர்களாக நடித்தனர். படம் 1948இல் வெளிவந்தது.

1947இல் பம்மல் சம்பந்த முதலியாரால் கலைவாணர் என்னும் பட்டம் இவருக்கு வழங்கப்பட்டது. 1951இல் இந்தியத் திரைப்படக் குழுவில் ஒருவராகச் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்று வந்தார்.

நல்லதம்பியும் கிந்தனாரும்

1949இல் என். எஸ். கே. பிலிம்ஸ் தயாரித்த 'நல்லதம்பி', அண்ணாதுரை கதை-வசனம் எழுதி வெளிவந்த முதற்படமாகும். அமெரிக்கப் படமான 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' கதையைத் தழுவிய இதனைக் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினர். பி. பானுமதி உடன் நடித்தார். நகைச்சுவை நடிகரே கதைத்தலைவனாக அமைந்த இப்படம் மதுவிலக்கை வலியுறுத்தியது.

இப்படத்தில் இடம்பெற்ற 'கிந்தனார்' கதாகாலட்சேபம் இவரது கலையின் தன்மையை நன்கு விளக்கும். கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரம் அன்று காலட்சேப மேடைகளில் மிகவும் புகழ்பெற்றிருந்தது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த நந்தனார் சிதம்பரம் சென்று இறைவனைக் காண ஏங்குவது அதன் கதை. உடுமலை நாராயணகவி எழுதிய 'கிந்தனார்' அதே வடிவத்தை எடுத்துக்கொண்டு, கதைத்தலைவனின் ஏக்கத்தை மட்டும் மாற்றியது. கிந்தன் விரும்புவது கல்வி. ஊர்ப் பள்ளியில் சாதியின் பெயரால் ஒதுக்கப்படும் அவன் பட்டணம் சென்று படித்து, பள்ளி ஆய்வாளராகி, தன்னை ஒதுக்கிய அதே பள்ளியைப் பார்வையிட வருகிறான். அவன் ஏறிச்செல்லும் ரயில், எல்லாச் சாதியினரையும் ஒன்றாக ஏற்றிச் செல்வதற்காகப் பாராட்டப்படுகிறது.

காலட்சேபக்காரரின் உடை, பக்கவாத்தியம், இழுத்துப் பாடும் முறை, இடையிடையே விளக்கம் சொல்லும் பாங்கு ஆகிய அனைத்தையும் கிருஷ்ணன் மாறாமல் கையாண்டார். மூலத்தை அறிந்த அவையினர் ஒப்பிட்டுச் சிரித்தனர்; சிரிப்பின் ஊடே கருத்தும் சென்றடைந்தது.

இயக்குநராக

1951இல் வெளிவந்த 'மணமகள்' படத்தைக் கிருஷ்ணன் தயாரித்து இயக்கினார். முன்ஷி பரமுப் பிள்ளையின் மலையாள நாடகத்தைத் தழுவிய இப்படத்துக்கு மு. கருணாநிதி வசனம் எழுதினார். லலிதா, பத்மினி ஆகியோர் நடித்தனர். அடுத்து 1952இல் ஏ. எல். சீனிவாசனின் தயாரிப்பில் 'பணம்' படத்தை இயக்கினார். சிவாஜி கணேசன், பத்மினி நடித்த இதற்கும் கருணாநிதியே வசனம் எழுதினார். இதில் கிருஷ்ணன் பாடிய 'தினா முனா கானா' பாடல், திருக்குறளைப் பற்றியது போலவும் திராவிட முன்னேற்றக் கழகத்தைக் குறிப்பது போலவும் அமைந்திருந்தது.

நகைச்சுவையின் இயல்பு

கிருஷ்ணனின் காட்சிகளில் பெரும்பாலானவை ஒரு வாதமாக அமைந்தவை. பழைய நம்பிக்கையை ஒருவர் கூற, மற்றவர் அதனைக் கேள்வியால் மடக்குவார். பல இடங்களில் மதுரம் கேள்வி கேட்பவராகவும் கணவரை மடக்குபவராகவும் வந்தார். நகைச்சுவையில் பெண்ணை வெறும் கேலிப்பொருளாக வைக்காமல், சமமாக வாதாடுபவராகக் காட்டியது இவ்விணையின் சிறப்பாகும்.

டாக்டர் சாவித்திரி (1955) படப்பாடல் பிள்ளைப்பேறு வேண்டிக் காசிக்குச் செல்லும் நம்பிக்கையைப் பற்றியது. முதல் தேதி (1955) பாடல் மாதச் சம்பளக்காரர் வீட்டில் மாதத் தொடக்கத்தில் இருக்கும் கொண்டாட்டத்தையும் மாதக் கடைசியின் திண்டாட்டத்தையும் காட்டியது. ராஜா ராணி (1956) படத்தில் சிரிப்பின் வகைகளைப் பாடிக்காட்டியது இவரது புகழ்பெற்ற பாடல்களுள் ஒன்றாகும்.

இம்முறைக்கு ஒரு குறையும் உண்டு. தனியாக அமைக்கப்பட்ட நகைச்சுவைப் பகுதி முதன்மைக் கதையின் ஓட்டத்தைத் தடுத்தது; சில இடங்களில் அறிவுரை நகைச்சுவையை மிஞ்சியது. ஆயினும் தனிப்பகுதி முறை கிருஷ்ணனுடன் முடியவில்லை. 1980களில் கவுண்டமணி-செந்தில் இணையின் படங்கள் பலவற்றிலும் அது தொடர்ந்தது.

அரசியலும் பொதுவாழ்வும்

கிருஷ்ணன் காந்தியடிகளிடம் ஆழ்ந்த பற்றுடையவர். காந்தியடிகளின் மறைவுக்குப் பின் நாகர்கோவிலில் அவருக்கு நினைவுத் தூண் ஒன்றை எழுப்பினார். அதேவேளை பெரியார் ஈ. வெ. இராமசாமியின் சீர்திருத்தக் கருத்துகளையும் ஏற்றார். அண்ணாதுரையுடன் நெருங்கிய நட்புக் கொண்டிருந்தார்.

1957 பொதுத்தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாதுரையை எதிர்த்துக் காங்கிரசு சார்பில் மருத்துவர் ஒருவர் போட்டியிட்டார். அண்ணாதுரைக்காக வாக்குக் கேட்கச் சென்ற கிருஷ்ணன், மேடையில் அந்த மருத்துவரையே நெடுநேரம் புகழ்ந்ததாகவும், இத்தகைய நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவிட்டால் ஊர்மக்களுக்கு வைத்தியம் பார்ப்பது யார் என்று கேட்டு முடித்ததாகவும் கூறப்படுகிறது. அத்தேர்தலில் அண்ணாதுரை வெற்றிபெற்றார்.

வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துவந்து ஊக்குவித்தவர் கிருஷ்ணனே ஆவார். கோயில் கொடை விழாக்களில் இருந்த வில்லுப்பாட்டு, சுப்பு ஆறுமுகத்தின் வழியாக வானொலியையும் நகர மேடைகளையும் அடைந்தது.

இறுதிக்காலம்

கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாத கொடையாளராக அறியப்பட்ட கிருஷ்ணன், ஈட்டிய பொருளைச் சேர்த்துவைக்கவில்லை. இறுதி ஆண்டுகளில் பொருள் நெருக்கடிக்கும் நோய்க்கும் ஆளானார். எனினும் மதுரை வீரன் (1956), ரங்கோன் ராதா (1956), சக்கரவர்த்தித் திருமகள் (1957) முதலிய படங்களில் தொடர்ந்து நடித்தார். ஆகஸ்ட் 30, 1957 அன்று சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 48.

1937இல் தியாகராஜ பாகவதரின் 'அம்பிகாபதி'யில் நடித்த கிருஷ்ணனும் மதுரமும், சிவாஜி கணேசன் நடித்த புதிய 'அம்பிகாபதி'யிலும் நடித்திருந்தனர். அப்படம் கிருஷ்ணனின் மறைவுக்குப் பின் வெளிவந்தது. மதுரம் 1974இல் காலமானார்.

நினைவுச் சின்னங்கள்

சென்னை தியாகராய நகரில் கிருஷ்ணனின் சிலையை அன்றைய முதலமைச்சர் அண்ணாதுரை ஜனவரி 14, 1969 அன்று திறந்துவைத்தார். நோயுற்றிருந்த அண்ணாதுரை பங்கேற்ற இறுதிப் பொதுநிகழ்ச்சி இதுவே. அவர் பிப்ரவரி 3 அன்று மறைந்தார். சென்னையிலிருந்த குழந்தைகள் அரங்கம் பின்னர் கலைவாணர் அரங்கம் எனப் பெயர் மாற்றப்பட்டது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, புதிய அரங்கம் 2016இல் திறக்கப்பட்டது. கொரோனா பெருந்தொற்றின்போது, 2020 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றக் கூட்டத்தொடர் இவ்வரங்கில் நடைபெற்றது.

நடித்த திரைப்படங்களுள் சில

மேனகா (1935)
சதிலீலாவதி (1936)
வசந்தசேனா (1936)
அம்பிகாபதி (1937)
திருநீலகண்டர் (1939)
சகுந்தலை (1940)
உத்தம புத்திரன் (1940)
ஆர்யமாலா (1941)
அசோக்குமார் (1941)
கண்ணகி (1942)
ஜகதலப்பிரதாபன் (1944)
ஹரிதாஸ் (1944)
பைத்தியக்காரன் (1947)
சந்திரலேகா (1948)
நல்லதம்பி (1949)
மங்கையர்க்கரசி (1949)
வனசுந்தரி (1951)
மணமகள் (1951) - இயக்கமும்
பணம் (1952) - இயக்கமும்
முதல் தேதி (1955)
டாக்டர் சாவித்திரி (1955)
காவேரி (1955)
மதுரை வீரன் (1956)
ராஜா ராணி (1956)
ரங்கோன் ராதா (1956)
சக்கரவர்த்தித் திருமகள் (1957)
அம்பிகாபதி (1957)